நரி ஊளையிட்ட ஊர்: செட்டிநாட்டில் தொலைந்த உயிர்களை அறியவும் எஞ்சியவற்றோடு வாழவும் ஒரு முழு வழிகாட்டி

எங்கள் அப்பத்தா இருட்டிய பிறகு பின்கட்டுக் கதவைத் திறக்க விடமாட்டார். ஊரணிக்கு அப்பால் புதர்க்காட்டில் நரிகள் ஊளையிடும். ஒன்று தொடங்கினால் அடுத்தது வாங்கிக்கொண்டு, கண்மாய்க்கரை வரைக்கும் சத்தம் போய்த் திரும்புமாம். அந்த ஊளையை நான் ஒருநாளும் கேட்டதில்லை. நான் கேட்டு வளர்ந்தது மயில் அகவுவதைத்தான். அப்பத்தா சிறுமியாக இருந்தபோது மயில் என்பது குன்றக்குடிக்குப் போனால் பார்க்கிற பறவை. இன்று எங்கள் வீட்டு ஓட்டின் மேல் விடியற்காலையில் ஐந்தாறு மயில்கள் நடக்கின்றன. நரி போனதையும் மயில் பெருகியதையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாகப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், திருப்பத்தூர், சிங்கம்புணரி, திருமயம் பக்கத்து ஊர்களில் வாழ்கிறவர்களுக்கும், திருவிழாவுக்கு மட்டும் வந்து பூட்டிய வீட்டைத் திறக்கிற பங்காளிகளுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். முழுவதையும் செய்ய ஓர் ஆண்டு வேண்டும். பணம் அதிகம் தேவையில்லை. எந்த விலங்கையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டியதும் இல்லை. அது சட்டப்படி நம் வேலையும் அன்று. தண்ணீர், புதர், இருட்டு ஆகிய மூன்றையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், இன்னும் ஒளிந்து பிழைத்திருப்பவை தாமாக வெளியே வரும் என்பது என் நம்பிக்கை.

முதல் படி: ஊரின் நினைவை எழுதி வாங்குங்கள்

ஒரு நீளமான நோட்டை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு போடுங்கள்: இப்போது இல்லாதவை, எப்போதாவது தென்படுபவை, முன்பைவிடப் பெருகியவை. பிறகு முதியவர்களிடம் போய் உட்காருங்கள். வீட்டுப் பெரியவர்கள் மட்டும் போதாது. ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள், பனையேறிகள், கரிமூட்டம் போட்டவர்கள், அய்யனார் கோயிலில் பூசை வைக்கும் வேளார்கள் ஆகியோர்தாம் இரவிலும் அதிகாலையிலும் காட்டைக் கண்டவர்கள். கீதாரி ஒருவரிடம் அரைமணி நேரம் பேசினால் கிடைக்கும் செய்தி, ஊருக்குள் பத்து வீட்டுத் திண்ணையில் கேட்டாலும் கிடைக்காது.

"முன்பு என்ன விலங்குகள் இருந்தன?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லாம் இருந்தது தம்பி" என்ற பதில்தான் வரும். குறிப்பாகக் கேளுங்கள். இரவில் என்ன சத்தம் கேட்டது? கிடையில் குட்டியைத் தூக்கியது எது? மாடு செத்தால் எங்கே போட்டீர்கள், அதை எது தின்றது? கடலைக் கொல்லையில் யாருக்குக் காவல் இருந்தீர்கள்? செத்த மாட்டைப் பற்றிய கேள்விக்கு எழுபது வயதைத் தாண்டிய பலர் வானத்தைக் காட்டிக் கையை அகல விரிப்பார்கள். அது பிணந்தின்னிக் கழுகு, பழைய பெயரில் பாறு. படங்களையும் கொண்டு போங்கள். எறும்புண்ணியை ஒருவர் அழுங்கு என்பார், இன்னொருவர் அலங்கு என்பார். உள்ளூர்ப் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள்.

ஊர்ப் பெயர்களையும் ஓரத்தில் குறித்து வையுங்கள். காளையார்கோவில் பக்கம் புலியடிதம்மம் இருக்கிறது. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று நிற்கும் ஊர் இலுப்பைக்குடி. பெயர் மட்டும் சான்றாகாது. ஆனால் கேள்வி கேட்க அது நல்ல தொடக்கம். வரலாறும் கொஞ்சம் உதவும். 1801இல் மருது சகோதரர்களைப் பிடிக்கக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது. ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் அந்த வழியைக் கைவிட்டது. ஒரு படையையே தடுத்து நிறுத்திய காடு அது. இன்று அதே தடத்தில் காரில் போனால் தைலமரமும் சீமைக்கருவேலமும்தான் கண்ணில் படுகின்றன.

இரண்டாம் படி: எது திரும்பும், எது திரும்பாது என்று பிரியுங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஆர்வத்தோடு தொடங்கிய பலர் தளர்ந்துபோவது, தங்கள் கையில் இல்லாததை முதலில் தொடுவதால்தான்.

பாறுக் கழுகை எடுத்துக்கொள்வோம். அதை அழித்தவர் வேட்டைக்காரர் அல்லர், கால்நடைக்குப் போட்ட வலி மருந்து. டைக்ளோஃபினாக் ஊசி போட்ட மாடு செத்த பின் அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இப்படிப் போயின. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. ஆசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் இரண்டும் 2023இல் தடைக்குள் வந்தன. தமிழ்நாட்டில் பாறுகள் இன்று கூடு கட்டுவது நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில். ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை நம் ஊர் வானத்துக்கு மீண்டும் வர நெடுங்காலம் ஆகும். நாம் செய்யக்கூடியது, மாட்டுக்கு ஊசி போடும்போது, கழுகுக்குத் தீங்கில்லாத "மெலோக்சிகாம் போடுங்கள்" என்று மருத்துவரிடம் கேட்பது. வெளிமானும் இப்படித்தான். திறந்த புல்வெளியில் வாழ்கிற அந்த மான் தமிழ்நாட்டில் கோடிக்கரை, வல்லநாடு, கிண்டி, மாயாறு என்று சில இடங்களில் ஒதுங்கிவிட்டது. அதை இரண்டாம் பத்திக்கு நகர்த்த ஓர் ஊரால் முடியாது.

நரி, எறும்புண்ணி, முயல், மரநாய், கூகை, உடும்பு, பால் ஆமை, நட்சத்திர ஆமை ஆகியவை வேறு வகை. இவற்றுக்குப் பெருங்காடு வேண்டாம்; புதரும் புற்றும் பொந்தும் போதும். கொல்வதை நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளும். நோட்டில் இவற்றுக்கு எதிரே ஒரு புள்ளி வையுங்கள். இனி வரும் வேலை எல்லாம் இந்தப் புள்ளிகளுக்காகத்தான்.

நரியைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லியாக வேண்டும். நம் கதைகளில் நரிக்கு நல்ல பெயர் இல்லை. நடப்பில் அது எலி, நண்டு, செத்த பிராணி, இலந்தைப்பழம், நாவல்பழம் என்று கிடைத்ததைத் தின்று வயலைச் சுத்தமாக வைத்தது. தரையில் இடும் மயில் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. நரிக்கொம்பு வீட்டில் இருந்தால் செல்வம் சேரும் என்ற மூடநம்பிக்கைக்காகவும், பல்லுக்காகவும் அதைக் கொன்றார்கள். இறைச்சிக்குள் அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியை வைத்து வாயைச் சிதறடித்தார்கள். நரிக்குக் கொம்பு கிடையாது. கொம்பு என்று விற்கப்படுவது தோலும் மயிரும் சேர்த்துச் செய்த ஏமாற்று. ஊரில் யார் வீட்டுப் பெட்டியிலாவது அது இருந்தால், இதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: நடந்து பாருங்கள்

கண்மாய், ஊரணி, கோயில்காடு, தரிசு, தைலமரத் தோப்பு ஆகியவற்றைக் குறித்து ஊருக்கு ஒரு கைவரைபடம் போட்டுக்கொண்டு மாதம் இருமுறை நடங்கள். ஒருமுறை விடியலில், ஒருமுறை இரவில். இரவில் இருவருக்குக் குறையாமல், கணுக்காலை மூடும் காலணியோடு போங்கள். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டினால் விலங்குகள் அவ்வளவு மிரளாது. விலங்கைக் காட்டிலும் தடயங்களைத்தான் அதிகம் காண்பீர்கள். வரப்பின் மேல், இலந்தைக்கொட்டையோடு கிடக்கும் எச்சம் நரியுடையதாகவோ மரநாயுடையதாகவோ இருக்கலாம். புற்றின் அடியில் புதிதாகத் தோண்டிய ஆழமான குழி எறும்புண்ணியைச் சொல்லும். பொங்கல் நாட்களில் ஆண்டுதோறும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊர்க் கண்மாயையும் சேர்த்துவிடுங்கள். கால் மணி நேரம் எண்ணி இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் போதும்.

ஒன்றில் மட்டும் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். எறும்புண்ணி, தேவாங்கு, நட்சத்திர ஆமை மூன்றும் கடத்தல்காரர்கள் தேடித் திரிகிற உயிர்கள். இவற்றைக் கண்ட இடத்தைப் படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், ஒரு வாரத்தில் யாராவது சாக்கோடு வந்து நிற்பார்கள். நோட்டில் எழுதுங்கள், வனச்சரக அலுவலரிடம் சொல்லுங்கள். வேறு எங்கும் இடத்தைச் சொல்லாதீர்கள்.

நான்காம் படி: கோயில்காடு, கண்மாய், கிணறு

செட்டிநாட்டின் பழைய காடு இன்று மிச்சமிருப்பது அய்யனாரின் காவலில்தான். மண் குதிரைகளுக்குப் பின்னால் வீரை, பாலை, காசான், உசிலை, குருந்து, காரை, களா, சூரை என்று நெருங்கி நிற்கிற அந்தச் சிறு காட்டுக்குள் மட்டும் யாரும் கோடரி எடுத்துப் போகவில்லை. இப்போது ஆபத்து பக்தியின் பக்கமிருந்தே வருகிறது. குடமுழுக்கு என்றதும் புதரை அகற்றி, சிமெண்டுத் தளம் போட்டு, இரவெல்லாம் எரியும் உயர் விளக்கும் நட்டுவிடுகிறார்கள். புதரோடு போன முயல் திரும்புவதில்லை. திருப்பணி பேசும் கூட்டத்துக்கு நீங்களும் போங்கள். கோயிலுக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் தளம் போடட்டும், பின்னால் இருக்கும் காட்டைத் தொடவேண்டாம், விளக்கைத் தரை நோக்கித் திருப்பி ஒன்பது மணிக்கு அணைக்கட்டும் என்று கேளுங்கள். நத்தம் பக்கத்தில் காசம்பட்டி வீரக்கோவில் காட்டை 2025 மார்ச்சில் அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அதன் பரப்பு வெறும் 4.97 எக்டேர். நம் ஊர்க் காடு சிறியது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இனி வழியில்லை.

கண்மாய் உள்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் அகற்றத்தான் வேண்டும். ஆனால் பொக்லைனை இறக்கி ஒரே வாரத்தில் மொட்டையடிக்காதீர்கள். வேறு மரமே இல்லாத இடத்தில் கொக்கும் வக்காவும் அந்த முள்ளில்தான் கூடு கட்டுகின்றன. கூடுகள் இருக்கும் மாதங்களில் கை வைக்கக் கூடாது. கோடையில், ஆண்டுக்கு ஒரு பகுதியாக வெட்டி, வெட்டிய இடத்தில் நாட்டுக் கருவேலம், நீர்க்கடம்பு, மருதம் நடுங்கள். அவை தலைதூக்கிய பிறகு அடுத்த பகுதிக்குப் போங்கள். தூர்வாரும்போது நடுத்திட்டுகளை விட்டுவைக்கச் சொல்லுங்கள். கோடையில் மடை வற்றி, ஊத்தாவும் வலையுமாக ஊர் கூடி மீன்பிடிக்கும் நாளில், வலையில் ஏறும் பால் ஆமைகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஊரணியில் விடச் செய்யுங்கள். எங்கள் ஊரில் இது இப்போது மீன்பிடிப்பதைவிடப் பெரிய கொண்டாட்டமாகிவிட்டது.

அடுத்து கிணறு. கைவிட்ட பாசனக் கிணறுகளில் விழுந்து சாகிற நரி, முயல், மரநாய், உடும்பை யாரும் கணக்கெடுப்பதில்லை. இரண்டடி உயரத்துக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுவது நல்லது. காசில்லை என்றால் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டு, உள்ளே நீர்மட்டம் வரைக்கும் கிளைகளோடு ஒரு பனை அல்லது மூங்கில் கழியைச் சாய்த்து வையுங்கள். விழுந்தது ஏறிவர அது ஏணி.

ஐந்தாம் படி: பெரிய வீட்டின் பழைய குடித்தனக்காரர்கள்

பூட்டிக் கிடக்கும் வீடுகளில் யாரும் இல்லை என்று நாம் நினைக்கிறோம். மச்சில் மரநாய் இருக்கிறது. முற்றத்து உத்தரத்தில் வௌவால், காரை பெயர்ந்த பொந்தில் கூகை, நாட்டு ஓட்டின் இடுக்கில் சிட்டுக்குருவி. மரநாய் தங்கும் இடத்தில் புத்தரிசிச் சோறு வடித்ததுபோல் ஒரு வாசம் வரும். பேய் வந்து சமைக்கிறது என்று சிறுவயதில் எங்களைப் பயமுறுத்துவார்கள்.

வீட்டைப் பழுது பார்ப்பதற்கு முன் நான்கைந்து நாள் அந்தி நேரத்தில் வாசலில் உட்கார்ந்து, எந்த இடுக்கிலிருந்து எது வெளியே போகிறது என்று பாருங்கள். குட்டியோ குஞ்சோ இருந்தால் அவை வெளியேறும் வரை அந்த மூலையை விட்டுவிட்டு மற்ற வேலையைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் புழங்கும் பகுதியை அடைத்துக்கொண்டு, பின்கட்டில் ஒரு பொந்தை விட்டு வைக்கலாம். கூகையைச் சாவுக்குருவி என்று கல்லெறிகிறவர்களுக்கு அது தின்பது எலி என்று காட்டினால் போதும். அதன் பொந்துக்குக் கீழே அது கக்கிக் கிடக்கும் உருண்டைகளை உடைத்தால் எலியின் மண்டையோடுகள் இருக்கும். வௌவாலை மட்டும் கையால் தொட வேண்டாம், அது கடித்த பழத்தையும் உண்ண வேண்டாம். ஆனால் அடித்து விரட்டவும் வேண்டாம். இலுப்பைப் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் விதையைத் தூக்கிப் போய்ப் போடுவதும் பழந்தின்னி வௌவால்கள். இலுப்பையெண்ணெயில் எரிந்த நம் கோயில் விளக்குகள் அத்தனைக்கும் அதற்குப் பங்கு உண்டு.

ஆறாம் படி: மயிலும் பாம்பும்

விவசாயியிடம் போய் மயிலை நேசியுங்கள் என்று சொல்வது அநியாயம். விதைத்த நெல்லையும் கடலையையும் மிளகாய் நாற்றையும் அது கிளறிப் போடுகிறது, நட்டம் உண்மையானது. மயில் தேசியப் பறவை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. விஷம் வைத்தால் சிறை. விஷம் வைத்த தானியம் மயிலோடு நிற்பதுமில்லை. கோழி, கௌதாரி, அவற்றைத் தின்னும் நாய் வரைக்கும் போகும். திருட்டு மின்வேலி மனிதரையே கொல்லும். இவை இரண்டையும் ஊர் முழுவதும் சேர்ந்து கைவிட வேண்டும்.

பதிலுக்குச் செய்ய வேண்டியவை உண்டு. விதைப்பும் அறுவடையும்தான் ஆபத்தான நாட்கள். மயில் மேய்வது பெரும்பாலும் காலையும் மாலையும். பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் ஒரே வாரத்தில் விதைத்து, அந்தச் சில நாட்களுக்கு முறை வைத்துக் காவல் இருந்தால் தனியாளின் சுமை குறையும். நாற்றங்காலுக்கு வலை போடுங்கள். வயலை ஒட்டிய சீமைக்கருவேலப் புதர் மயிலுக்கு ஒளிவிடம். வெட்டுவதை அங்கிருந்து தொடங்கலாம். பயிர் அழிந்தால் அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்கி, வனத்துறைக்கு மனு கொடுங்கள். எலிக்கு விஷம் வைக்காமல், வயல் நடுவே கூகையும் ஆந்தையும் உட்காரப் பறவைதாங்கி நட்டு வையுங்கள். குன்றக்குடியிலும் பிள்ளையார்பட்டியிலும் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பதை விட்டுவிடுங்கள். கொடுத்துப் பழக்கியபின் பையைப் பிடுங்குகிறது என்று குரங்கைத் திட்டுவதில் நியாயமில்லை.

பாம்பு விஷயத்தில் உணர்ச்சியைக் காட்டிலும் ஒழுங்கு முக்கியம். உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் நான்குதான்: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். சாரை நஞ்சில்லாதது, எலியைத் தின்று வாழ்வது. கோடையில் பட்டாலையில் பாய் விரித்துப் படுப்பவர்களைக் கட்டுவிரியன் தூக்கத்தில் கடிக்கும். வலியே தெரியாது, விடியலில் வயிற்றுவலியும் இமை சரிவதும்தான் அறிகுறி. கட்டிலில் படுத்துக் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிவிட்டால் இந்த அபாயம் பெருமளவு நீங்கும். விறகையும் ஓடுகளையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். இரவில் டார்ச் இல்லாமல் வாசலில் இறங்காதீர்கள்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், மந்திரிக்கிறவரிடம் நேரத்தைக் கொடுக்காதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நஞ்சுமுறி மருந்து அங்கே இலவசம். அந்த நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் ஒரே மருந்துதான் என்பதால் பாம்பை அடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை. பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு 2024இல் அறிவித்திருக்கிறது. வீட்டுக்குள் பாம்பு புகுந்தால் ஒருவர் தூரத்தில் நின்று அதன்மேல் கண் வைத்திருக்க, மற்றவர் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் சொல்லட்டும்.

ஏழாம் படி: ஊர்க்கூட்டத்தில் வையுங்கள்

தனியாள் செய்தது அவரோடு போய்விடும். திருப்பத்தூர் பக்கத்து வேட்டங்குடியையும் கொள்ளுக்குடிப்பட்டியையும் போய்ப் பாருங்கள். 1977இல் சரணாலயம் ஆன அந்தக் கண்மாய்களுக்கு நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் வந்து குஞ்சு பொரிக்கும். அந்தப் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊரார் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளுக்கு வனத்துறை இனிப்பு கொடுக்கிறது. வெடியில்லாத தீபாவளியை ஒரு ஊர் கூடி முடிவு செய்ய முடிந்தது என்றால், நம்மால் முடியாதது எது?

ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அதில் மூன்று தீர்மானங்களைக் கேளுங்கள்: கோயில்காட்டை வெட்டுவதில்லை, அவுட்டுக்காயும் விஷமும் மின்வேலியும் வைப்பதில்லை, சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டைக்குப் போவதில்லை. மூன்றாவதுக்குத்தான் எதிர்ப்பு வரும். அது வழிவழியான வழக்கம் என்பார்கள். சட்டத்தைக் காட்டி மிரட்டினால் இருட்டில் போவார்கள். எங்கள் ஊரில் சாமிக்குச் செய்ய வேண்டிய சடங்கை அப்படியே வைத்துக்கொண்டு, வேட்டைநாய்களை மட்டும் வீட்டில் கட்டிப்போடச் சம்மதித்தார்கள். அதற்கு மூன்று ஆண்டுப் பேச்சு தேவைப்பட்டது.

ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றை வைத்திருக்க வேண்டும். உங்கள் நோட்டின் நகலை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு மாசி மாதமும் அதே கேள்விகளோடு அதே கீதாரியிடம் போங்கள். எங்கள் நோட்டில் நரிக்கு எதிரே நான்கு ஆண்டுகள் "இல்லை" என்றே இருந்தது. போன மாசியில் கீதாரி, கிடைக்குப் பக்கத்து ஈர மண்ணில் தான் கண்ட கால்தடத்தை விரலால் என் நோட்டிலேயே வரைந்து காட்டினார். "இல்லை" என்பதை அடித்துவிட்டு "ஒருமுறை, தடம் மட்டும்" என்று எழுதியிருக்கிறேன். இடத்தை எழுதவில்லை.